ஊசி இருக்காதுங்களே, அக்கா?

வேலாத்தாள் போன் செய்தபோது விஜயகுமாரி ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அவள் கவுன்சலிங் அறை. கீழேயிருந்து பப்ஸ் வேகும் வாசனையும் தனியார் பஸ்களின் ஹாரனும் விடாமல் மேலே வரும். வந்திருந்த புருஷன் பேசி முடிப்பதாயில்லை. இரண்டு முறை அடித்து ஓய்ந்த போனை மூன்றாம் முறை எடுத்தாள்.

“ஏனுங் மேடம், சாமளாபுரத்துல இருந்து வேலாத்தா பேசறனுங். நீங்க ஒரு வார்த்த சொல்லீருங். கொழந்தையத் தூக்கிக்கிட்டு வெள்ளகோயிலுக்கு, என்ற மக ஊட்டுக்குப் போறனுங். பையெல்லாம் கட்டியாச்சு. தனபாலுதான் மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கலாம்மாங்கறான்.”

“என்னாச்சுங்க?”

“கத்தரிய எடுத்துக்கிட்டு கொழந்த வயித்துக்கிட்டப் போயிட்டாளுங் என்ற மருமவ, உங்க நித்யஸ்ரீ. அரைஞாண அத்துப் போட்டுட்டா. நான் பாத்ததுனால தப்பிச்சுதுங். இல்லீன்னா…”

“கொழந்தைக்கு அடி கிடி பட்டுச்சுங்களா?”

“ஒரு கீறல் இல்லீங். ஆனா இடுப்பு வெறுமனே கெடக்குதுங்.”

“நான் வர்ற வரைக்கும் கெளம்பாதீங்க.”

“எப்படியும் மூணு மணி வரைக்கும் ராகு காலமுங். அதுக்கு மேல நிக்க மாட்டனுங். வேண்டாம்னு சொல்றதா இருந்தா அதுக்குள்ள வந்து என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்.”

அந்த வீட்டில் விஜயகுமாரியின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அதுதான் இப்போது சிக்கல். வேலாத்தாளின் மகன் தனபால் அவள் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறான். ‘கொண்டுபோங்க’ என்று சொன்னால் ஒன்பது மாதக் குழந்தை தரணி சாயங்காலம் வெள்ளகோவிலில் இருப்பான். மறுபடி எப்போது தாயிடம் வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘வேண்டாம்’ என்று சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

சண்டைக்கு வந்த இருவரையும் இன்னொரு நாள் வரச் சொன்னாள். “எங்க பிரச்சினையும் பிரச்சினைதானுங்களே?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் புருஷன் படியிறங்கினான்.

விஜயகுமாரிக்கு நாற்பத்தொன்பது வயது. சாமளாபுரத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. எவ்வளவு முயன்றும் மெதுவாகப் பேச வராது. மனசுக்கு ஆறுதல் சொல்கிறவள் இப்படிக் கத்துகிறாளே என்று முதல்முறை வருகிறவர்கள் மிரள்வார்கள். கட்டிக்கொண்ட கதிர்வேல் நூல் கம்பெனியில் மேனேஜர். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தபாலில் எம்.ஏ. சைக்காலஜி படித்தாள். அடுப்படி மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே படித்த படிப்பு.

காலையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்பதால் அங்கே கவுன்சலர் ரூம் என்று ஒன்று இருக்கிறது, கேன்டீனுக்குப் பக்கத்தில். ஊர் நினைப்பில் தூக்கம் வராத ஒடிசாப் பையன்களோடு அரைகுறை இந்தியில் பேசுவாள். மதியத்துக்கு மேல் பல்லடம் அறை. பரீட்சைப் பயம், குடி, மாமியார், கல்யாணம் வேண்டாம் என்கிற பெண், கைபேசியை விடாத பையன், தொழில் நொடித்துப் போய் வாய் திறக்காத முதலாளி. யாரையும் ‘இது என் வேலை இல்லை’ என்று திருப்பி அனுப்பியதில்லை. “உங்கிட்ட எல்லாத்துக்கும் ஒரே கஷாயந்தான்” என்று கதிர்வேல் கிண்டல் செய்வார். “கேக்கறதுக்கு ஆள் இருக்குன்னாப் பாதி சரியாயிரும். அந்தக் கஷாயம் போதும்” என்பாள்.

போதும் என்று நம்பவும் செய்தாள். கோயமுத்தூரில் மாதம் ஒருமுறை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கூடுவார்கள். அங்கே ராஜவேல் என்பவனோடு அவளுக்கு ஓயாத வழக்கு. பெங்களூரில் படித்துவிட்டு வந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஒரே ஒரு நோயை மட்டும் பார்ப்பவன்: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் நோய். ஓ.சி.டி. வேறு யார் வந்தாலும் அடுத்த தெருவுக்கு வழி காட்டிவிடுவான்.

“நீங்க மளிகைக் கடை வெச்சிருக்கீங்க்கா. நான் ஏலக்காய் மட்டும் விக்கறேன். எங்கிட்டப் புளி இல்லதான். ஆனா ஏலக்காயில கலப்படம் இருந்தா மோந்து பாத்தே சொல்லிருவேன்.”

“வலது காலுக்கு ஒரு டாக்டர், எடது காலுக்கு ஒரு டாக்டர்னு போனா நடக்கறது யாருப்பா?” என்று அவள் கேட்டதற்குக் கூட்டமே சிரித்தது. ராஜவேலும் சிரித்தான். ஆனால் வண்டியெடுக்கும்போது பக்கத்தில் வந்து சொன்னான். “எல்லாத்தையும் பாக்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும் நழுவிப் போயிருங்க்கா. எது நழுவுச்சுன்னும் தெரியாது.” அது அவளுக்கு உறைத்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பதில் தேடினாள்.

நித்யஸ்ரீ தன்னிடம் வந்த பிறகு அவனிடம் ஒரு வார்த்தை கேட்காததற்கு அந்த உறைப்பும் ஒரு காரணம்.

தனபால் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து குழந்தைகளுக்கான பனியன் துணிகளைத் தைத்து, அயர்ன் போட்டு, பேக் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். கைக்குழந்தை உடுப்பு என்பதால் கெடுபிடி அதிகம். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்து முழு ஊசியாகக் காட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் பக்கத்தில் இருந்த துணி அத்தனையும் கழிவுக்குப் போகும். கடைசியாக ஒவ்வொரு துணியின் மேலும் இஸ்திரிப் பெட்டி போல ஒரு டிடெக்டரை ஓட்டுவார்கள். இரும்பு இருந்தால் கத்தும்.

அந்தச் செக்கிங்கைக் கல்யாணமாகி வந்ததிலிருந்து நித்யஸ்ரீதான் பார்த்தாள். ஒருமுறை ஓட்டினால் போதும் என்ற இடத்தில் அவள் மூன்று முறை ஓட்டுவாள். “எம் மருமவ கையில ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லீங்” என்று வேலாத்தாள் உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். வேறு ஊரில், வேறு வீட்டில் என்றால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இங்கே அது கெட்டிக்காரத்தனம்.

தரணி பிறந்த பிறகு ஒரு ஊசி முனை கிடைக்காமல் போனது. துணியையெல்லாம் கழித்துப் போட்டார்கள். நித்யஸ்ரீக்கு மட்டும் அது கழியவில்லை. குழந்தையின் சட்டையில் இருக்குமோ, தொட்டில் சேலையில் இருக்குமோ, தன் முந்தானையில் ஒட்டி வந்து அவன் வாய்க்குள் போயிருக்குமோ. டிடெக்டர் ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினாள். மடியில் போடுவதை நிறுத்தினாள். பிரசவித்த அலுப்பு, வேலைப் பளு என்று நினைத்த தனபால் அவளை விஜயகுமாரியிடம் கூட்டிவந்தான். விஜயகுமாரியும் ஏறக்குறைய அப்படியே நினைத்தாள். பேசவிட்டாள், அழவிட்டாள், தன் நம்பரைக் கொடுத்தாள். “எப்ப பயமா இருந்தாலும் கூப்பிடு கண்ணு.”

கூப்பிட்டாள். “ஊசி இருக்காதுங்களே, அக்கா?” “இருக்காது கண்ணு.” குரல் உடனே தணிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மணியடிக்கும். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, பஸ்ஸில் நின்றுகொண்டே, “இருக்காது கண்ணு, தைரியமா இரு” என்று விஜயகுமாரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருதரம்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

பேக்கரி மாடிப்படியில் உட்கார்ந்து அவள் ராஜவேலைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லும்போது அவன் குறுக்கே பேசவில்லை.

“ஒண்ணு கேக்கறேங்க்கா. அந்த நெனப்பு வர்றப்ப அவங்க கொழந்தகிட்டப் போறாங்களா, வெலகிப் போறாங்களா?”

யோசித்தாள். “வெலகித்தான் போவா. இன்னிக்கு மட்டும் கிட்டப் போயிருக்கறா.”

“எதுக்குப் போனாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டீங்களா?”

“மாமியார் சொன்னதுதான்.”

“தூக்கம்?”

“கொழந்த தூங்கினா இவளும் தூங்கறா.”

“காதுல ஏதாவது குரல், சாமி சொல்லுச்சு, இது என் கொழந்தையே இல்ல, அந்த மாதிரி?”

“மொதல்ல வந்தப்பக் கேட்டேன். இல்லைன்னா. அப்புறம் கேக்கல.”

“இன்னிக்குக் கேளுங்க. ஒண்ணுக்காவது ஆமான்னு வந்தா எனக்குப் போன் பண்ணி நேரத்தப் போக்காதீங்க. கொழந்தையப் பாட்டிகிட்ட விட்டுட்டு அவங்கள நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துருங்க. பிரசவத்துக்கப்புறம் சிலருக்குப் புத்தி பேதலிக்கும், அது வேற, அது ஆபத்து. ஆனா எல்லாமே இல்லேன்னு வந்தா, அந்தக் கொழந்த அந்த ஊட்ட விட்டுப் போகக் கூடாது. இந்த வியாதிக்காரங்க பயப்படறதச் செய்ய மாட்டாங்க்கா. பயப்படறதுதான் வியாதியே. கொழந்தையப் பிரிச்சீங்கன்னா, ‘நீ பயந்தது நெசம்’னு ஊரே சொன்ன மாதிரி ஆயிரும்.”

“நீ அவளப் பாக்காமச் சொல்றே.”

“அதான் உங்களப் பாக்கச் சொல்றேன். நாளைக்குக் காலைல மொத ஆளா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க. சைக்யாட்ரிஸ்ட்டும் பாக்கட்டும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். “உங்களுக்கு அவங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ கூப்பிடுவாங்க?”

“பத்துக்கு மேல வரும்.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“இருக்காது கண்ணும்பேன்.”

அவன் மெதுவாகச் சொன்னான். “அந்த ஊட்டுல ரெண்டு டிடெக்டர் இருக்குதுங்க்கா. ஒண்ணு மெஷினு. இன்னொண்ணு நீங்க. நீங்க பதில் சொல்லச் சொல்ல அந்தக் கேள்வி இன்னும் வளருது.”

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை மாதமாகச் சலிக்காமல் எடுத்த போன். ஏதாவது சூடாகச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “சரி, இப்ப நான் என்ன பண்ணணும், அதச் சொல்லு” என்று மட்டும் கேட்டாள்.

“பெருசா ஒண்ணும் வேண்டாம். இன்னியிலிருந்து அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. இருக்காதுன்னும் சொல்லக் கூடாது, இருக்கும்னும் சொல்லக் கூடாது. ஏன்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. ராத்திரி பக்கத்துல ஆள் இருக்கட்டும், காவலுக்குன்னு இல்ல, தொணைக்கு.”

ஸ்கூட்டரில் போகும்போது வெயில் தார் ரோட்டில் நடுங்கியது. கோழித் தீவன லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டே இருந்தது, வழிவிடவில்லை. அவளும் முந்தவில்லை.

வாசலில் கார் நின்றது. பின்சீட்டில் பை, பால் டப்பா, தொட்டில் சேலை. வேலாத்தாள் தரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் நின்றாள். அவன் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் சுற்றியிருந்தது. ஷெட் வாசலில் வேலைக்காரப் பெண்கள் துணியை மடிப்பது போல நின்றுகொண்டு பார்த்தார்கள். தனபால் கார் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“நித்யா எங்கீங்க?”

“உள்ள ரூம்லீங் மேடம். வெளிய தாப்பாப் போட்டிருக்குது.”

“பூட்டி வெச்சீங்களா?”

“நாங்க போடலீங். அவளேதான் போடச் சொன்னா. தெறக்கவே கூடாதுங்கறா.”

விஜயகுமாரி தாழ்ப்பாளை நீக்கிவிட்டு உள்ளே போனாள்.

நித்யஸ்ரீ கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தாள்.

“அக்கா, அத்த சொல்றது நெசமுங்களா? நான் தரணியக் கொல்லப் போனனுங்களா? எனக்கே தெரியலீங்க்கா.”

தறிவீட்டுக் குரலை எப்படியோ அடக்கிக்கொண்டு விஜயகுமாரி எதிரே உட்கார்ந்தாள். “நடந்தத மொதல்லருந்து சொல்லு கண்ணு.”

“குளிச்சு வந்தவன் மேலயே இன்னிக்கு மொத தடவயா மெஷின ஓட்டுனனுங். வயித்துக்கிட்டக் கத்துச்சு. மறுபடி ஓட்டுனேன், மறுபடியும் கத்துச்சு. உள்ள போயிருச்சுன்னு நெனச்சனுங். அப்புறம் அரைஞாண்ல இருக்கற தாயத்தா இருக்குமோன்னு கத்தரியெடுத்து நறுக்கிட்டேன். அதக் கழட்டிட்டு ஓட்டினாக் கத்தல.” மூச்சு வாங்கினாள். “அப்பத்தானுங் கையில கத்தரி இருக்கறதப் பாத்தேன். அவன் வயிறு, என்ற கை. ஜன்னல் வழியா வீசிட்டேன். அத்த கத்துனாங்க.”

கேட்க வேண்டியவற்றையெல்லாம் விஜயகுமாரி கேட்டாள். குரல் ஏதாவது கேட்கிறதா. யாராவது செய்யச் சொன்னார்களா. குழந்தை இல்லாவிட்டால் நிம்மதி என்று தோன்றியதா. தனக்குச் செத்துப்போக வேண்டும் என்று இருக்கிறதா. சுற்றி வளைக்காமல், நேராக. நேற்றுவரை இப்படி நேராகக் கேட்க அவளுக்கு மனசு வந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் நித்யஸ்ரீ திடுக்கிட்டு, “ஐயோ, இல்லீங்க்கா” என்றாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நேரம் எடுத்தாள். “சாகோணும்னு இல்லீங். இந்த நெனப்பு செத்தாப் போதும்.”

“தாப்பா எதுக்குப் போடச் சொன்னே?”

“நான் அவங்கிட்டப் போகாம இருக்கறதுக்குத்தானுங்.”

வெளியே வந்தபோது விஜயகுமாரிக்கு முடிவு தெரிந்துவிட்டது. அதை வேலாத்தாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“கொழந்த இங்கயே இருக்கட்டுங்க.”

“உம் பேரனா இருந்தா இப்படிச் சொல்லுவியா?” ‘மேடம்’ என்ற மரியாதை போய்விட்டது. “படிச்சவங்களுக்கு எல்லாம் வாய்ல வந்துருது. நாளைக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிப்பியா? எத்தன மாசமா உங்கிட்டத்தான் வந்துக்கிட்டிருக்கறா. என்ன கொணமாச்சு?”

“ஒண்ணும் ஆகலீங்க. நான் பாத்த வைத்தியம் அவளுக்குப் பத்தல. நாளைக்குக் காலைல கோயமுத்தூருக்கு, இதுக்குன்னே படிச்சவர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்.”

“பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் கொழந்த வெள்ளகோயில்ல இருக்கட்டும். என்ன கெட்டுப் போச்சு?”

நியாயமான கேள்விதான். ராஜவேல் சொன்ன பதில் விஜயகுமாரியிடம் இருந்தது. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வேலாத்தாளின் கை குழந்தையின் இடுப்பைத் துண்டோடு சேர்த்து மூடியிருந்தது. பேசும்போதெல்லாம் அந்தக் கை இறுகியது. கத்தரியைவிட, அங்கே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அந்த அம்மாளைத் துரத்துகிறது. எந்த வியாதியின் பெயரும் இப்போது அந்தக் காதில் ஏறாது.

“தனபாலு, உள்ள கறுப்புக் கயிறு இருக்குதுங்களா? மொதல்ல கொழந்தைக்கு ஒண்ணு கட்டுங்க. தாயத்து வேண்டாம், வெறும் கயிறு.”

“ராகு காலத்துலயா?” என்றாள் வேலாத்தாள்.

“அப்ப மூணு மணியாகட்டும். நானும் ஒக்காந்துக்கறேன்.”

காத்திருந்தார்கள். ஷெட்டிலிருந்து ஒருத்தி மோர் கொண்டுவந்தாள், யாரும் குடிக்கவில்லை. மணி ஆனதும் வேலாத்தாளே கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். தோள் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் விஜயகுமாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். “கொல்ல நெனைக்கறவ வெளிய தாப்பாப் போடச் சொல்ல மாட்டாங்க. இவ பயத்துலயே பாதி செத்துக் கெடக்கறா. கொழந்தையத் தூக்கிட்டுப் போனீங்கன்னா, நான் கொலகாரிதான்னு முடிவு பண்ணிக்குவா. அப்புறம் அவளாவே அவனத் தொட மாட்டா. நீங்களே பக்கத்துல இருங்க. ராத்திரியும் ஒரே ரூம்ல படுங்க.”

“மறுபடி ஏதாச்சும் பண்ணுனா?”

“பண்ண மாட்டான்னு படிச்சவர் சொல்றார். நானும் கேட்டுப் பாத்துட்டேன். அதுக்கு மேல உறுதியா எதுவும் எங்கிட்ட இல்லீங்க.”

வேலாத்தாள் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுந்து காரில் ஏறியிருப்பாள்.

குழந்தை துண்டை உதறிவிட்டுச் சிணுங்கினான். சட்டை போட வேண்டும். நித்யஸ்ரீயை வெளியே அழைத்தார்கள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்லப் போவதில்லை என்றும், ஏன் என்றும் விஜயகுமாரி அவளிடம் சொன்னாள். “எனக்கும் அது கஷ்டந்தான் கண்ணு” என்றாள். கொடியில் காய்ந்த சட்டை ஒன்றைத் தனபால் எடுத்துவந்து நீட்டினான். மஞ்சள் நிறம், முன்னால் வாத்துப் படம்.

நித்யஸ்ரீ வாங்கித் தையலை விரலால் தடவினாள். கண் டிடெக்டர் இருந்த அலமாரிக்குப் போய் வந்தது. மாமியார் மடியில் இருந்தவனுக்குத் தலை வழியாக மாட்டி, ஒரு கையை நுழைத்தாள். இன்னொரு கை பாதியில் நின்றது.

“அக்கா, ஊசி இருக்காதுங்களே?”

விஜயகுமாரியின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள்.

“அக்கா. ஒரே ஒரு தடவ சொல்லுங்க்கா. இனிக் கேக்க மாட்டேன்.”

தனபால் சொல்லிவிடுவான் போலிருந்தது. அவன் முழங்கையை விஜயகுமாரி பிடித்துக்கொண்டாள். நித்யஸ்ரீயின் மேலுதடு வேர்த்தது. “மாமா, நீங்களாச்சும் சொல்லுங்.” அவன் தரையைப் பார்த்தான். “அத்த…”

மருமகள் ஒரு வார்த்தைக்குக் கெஞ்சி நிற்கிறாள். இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டால் அழுகை நின்றுவிடும். அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்கவிட்டுச் சும்மா இருந்ததில்லை. வேலாத்தாள் ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் முதுகைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள், மற்றக் கையை நுழைக்க வாகாக.

நித்யஸ்ரீ சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே அந்தக் கையையும் நுழைத்தாள். கழற்றப் போனாள், விட்டாள். மறுபடி காலரைப் பிடித்தாள், விட்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. தரணி தன் வயிற்றில் இருந்த வாத்தைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் கிடந்த வேலாத்தாளின் போன் அடித்தது. தனபால் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளகோவிலில் இருந்து மகள். கெளம்பியாச்சா, எங்க வர்றீங்க என்று அவள் கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

வேலாத்தாள் மருமகளைப் பார்த்தாள். சட்டை இன்னும் குழந்தையின் மேல்தான் இருந்தது.

“இன்னிக்கு வரல அம்மிணி” என்றாள். “நாளைக்குப் பாக்கலாம்.”